பென்ச்சுக்கு எதற்குப் புதுப் பூட்ஸ்

ஜனவரி 4, சனி

கிளப்பில் மனநல ஆலோசகர் ஒருவரைப் புதிதாக அமர்த்தியிருக்கிறார்கள். அவர் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். தினமும் இரண்டு வரியாவது எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், மனதில் கிடப்பது வெளியே வந்தால் ஆட்டம் நன்றாக வரும் என்றார். முதல் பக்கத்தில் பெயர், வயது, ஆடும் இடம் என்று மூன்று கோடு போட்டிருந்தது. வளர்மதி. முப்பத்திரண்டு. கோல்கீப்பர். 'இரண்டாவது கோல்கீப்பர்' என்று எழுத அந்தக் கோட்டில் இடம் போதவில்லை.

போன சீசன் வரைக்கும் இந்த அணிக்கு நான்தான் முதல் கோல்கீப்பர். முழங்கால் வலியை யாரிடமும் சொல்லாமல் ஆடி ஆடி, கடைசியில் ஆபரேஷன் வரைக்கும் போய்ப் படுத்தேன். திரும்பி வந்தபோது என் இடத்தில் ஷெரின் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தொரு வயது. குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பெண். கை என்னுடையதைவிட நீளம். கிளப் வீட்டில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. நல்ல பெண். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று காலை வியாசர்பாடியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனமும் எங்கள் கிளப்பும் சேர்ந்து நடத்தும் திட்டமாம். ஆட்டக்காரி ஒவ்வொருத்தியும் ஒரு பிள்ளைக்குத் துணை அக்கா. சனிக்கிழமைதோறும் போய் அவளோடு பேச வேண்டும், பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை தன் அக்காவுக்காக ஒரு ஜோடி பூட்ஸில் தனக்குப் பிடித்ததை வரைந்து தருவாள். மார்ச் 2-ம் தேதி, சீசனின் கடைசி ஆட்டத்தில், எல்லோரும் அந்தப் பூட்ஸைப் போட்டு ஆட வேண்டும். முடிந்ததும் கையெழுத்துப் போட்டுப் பிள்ளைக்கே கொடுத்துவிட வேண்டும்.

ஆட வேண்டும் என்றார்கள். பென்ச்சில் உட்காருகிறவள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஷெரினுக்கு யோகலட்சுமி என்ற பிள்ளை வந்தது. பெயரைச் சொன்னதும் ஓடிவந்து ஷெரினின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டது. எனக்கு வந்தவள் பிரிசில்லா. பன்னிரண்டு வயது, ஒல்லி. கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"கோல்கீப்பர்."

"கோல்கீப்பர் அந்தக்காதான?" என்று ஷெரினைக் காட்டினாள்.

"நானும்தான்."

"ரெண்டு பேரும் நிப்பீங்களா?"

ஒருத்திதான் நிற்க முடியும் என்று விளக்கினேன். ஏன் விளக்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஜனவரி 7

ஷெரின் தூக்கத்தில் சிரிக்கிறாள்.

ஜனவரி 11, சனி

பிரிசில்லா வீட்டுக்குப் போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி. அம்மா ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை, சாயங்காலம்தான் வருவாராம். பிரிசி என்று கூப்பிட்டால் போதும் என்றாள். போன வருடம் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போனா மட்டும் இன்னா" என்றாள். பயிற்சிக்குப் போகும்போது நானும் இப்போதெல்லாம் அதையே நினைக்கிறேன்.

அவளுடைய கணக்கு நோட்டில் கணக்கே இல்லை. எல்லாப் பக்கத்திலும் படம். வாட்டர் டேங்க், குடம், எதிர்வீட்டு அண்ணனின் மூக்கு. கெட்டிக்காரிதான். மூக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

கிளம்பும்போது படிக்கட்டுவரை வந்தாள்.

"கடைசி மேட்ச்ல நா வரைஞ்ச பூட்ட போட்டுனு ஆடுவீங்களா?"

"ஆடாம?" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

ஜெயித்தோம். ஒன்றுக்கு பூஜ்யம். ஷெரின் ஒரு பெனால்டியைப் பிடித்தாள்.

இரண்டாவது கோல்கீப்பரின் வேலை என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது, எழுதி வைக்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் முதல் கோல்கீப்பரைத் தயார்ப்படுத்த வேண்டும். அவள் கோலுக்குள் நிற்பாள், நான் பந்தை உதைப்பேன். கஷ்டமான பந்து உதைக்கக் கூடாது. நேராக அவள் கைக்குப் போகிற மாதிரி, 'டப்' என்று சத்தம் வருகிற மாதிரி உதைக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்கு நம்பிக்கை ஏறும். அதாவது, என் இடத்தில் நிற்பவளுக்கு நானே தினமும் நம்பிக்கை ஏற்ற வேண்டும். ஊட்டிவிடாத குறை.

இன்று ஒரே ஒரு பந்தை மட்டும் கொஞ்சம் ஓரமாக உதைத்தேன். பாய்ந்து பிடித்துவிட்டு, "சூப்பர் பந்துக்கா" என்றாள்.

பெரம்பூரில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அவள் படத்தைப் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் கையுறை என்னுடையது. படம் எடுத்த அன்றைக்கு அவளுடையது நனைந்திருந்தது என்று இரவல் வாங்கினாள்.

ஜனவரி 25, சனி

பூட்ஸில் என்ன வரையப் போகிறாய் என்று பிரிசியிடம் கேட்டேன். நட்சத்திரம், நெருப்பு, சிறுத்தை என்று மற்ற பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்களாம். யோகலட்சுமியை யோகா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவள் ஷெரினுக்கு இறக்கை வரைகிறாள். வெள்ளை இறக்கை, ஓரத்தில் தங்கக் கலர்.

"நாய்" என்றாள் பிரிசி.

"என்ன நாய்?"

"எங்க ப்ளாக் நாய். கரண்டுன்னு பேரு. படுத்துனேதான் கீது."

அந்த நாயை எனக்குத் தெரியும். படிக்கட்டுக்குக் கீழே கிடக்கும், காதில் பாதி இல்லை. ஷெரினுக்கு இறக்கை, எனக்குப் படுத்துக் கிடக்கிற நாய். வேறு ஏதாவது வரையேன், புலி வரையேன் என்றேன்.

"புலிய யாருக்கா பாத்துகீறாங்க? கோல்கீப்பர்னா கரண்டு மாதிரிதான். சொம்மா படுத்துனு கெடக்கும். ஒரு கண்ண மட்டும் தொறந்து வெச்சினு இருக்கும். யாராவது தெரியாதவன் உள்ள வந்தாதான் பாக்கணும் நீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருந்து என்ன, இறக்கை இறக்கைதான்.

பிப்ரவரி 3

பிரிசி போன மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று டீச்சர் போன் செய்தார். எனக்கே மார்க் வந்த மாதிரி இருந்தது. இதை அறையில் சொன்னேன். ஷெரின் எழுந்து வந்து கட்டிப்பிடித்தாள். யோகா தன் வகுப்பில் இரண்டாவது ரேங்க் என்று அவள் அப்புறம்தான் சொன்னாள். நான் கேட்டதால்தான் சொன்னாள். நான் ஏன் கேட்டேன்?

பிப்ரவரி 8, சனி

பூட்ஸ் தயார். விளம்பரப் பலகை எழுதும் ஒருவர் பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறார். ஷெரினுக்கும் எனக்கும் ஒரே அளவு, ஏழு. ஒரே மாடல். இரண்டு ஜோடியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். போட்டோக்காரர் இறக்கையைத்தான் எடுத்தார். குனிந்து, நிமிர்ந்து, படுத்து எல்லாம் எடுத்தார். நாயை ஒரே ஒரு படம்.

ஆனால் நாய் நன்றாக இருக்கிறது. வலது பூட்ஸின் வெளிப்பக்கம் முழுக்க நீட்டிப் படுத்திருக்கிறது, பாதிக் காதோடு. ஒரு கண் மூடி, ஒரு கண் மஞ்சளாகத் திறந்து. இடதில் வரிசையாகக் குடங்கள், பச்சை, நீலம், ரோஸ். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிரிசி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"இத்த போட்டுனு ஆடும்போது டிவில தெரியுமா?"

"தெரியும்."

பெயிண்ட் நன்றாகக் காயட்டும், மேல்பூச்சு ஒன்று பாக்கி இருக்கிறது, அதுவரைக்கும் தண்ணீர் படக் கூடாது என்று அந்தப் பெயிண்டர் எல்லோரிடமும் சொன்னார்.

பிப்ரவரி 12

பயிற்சியில் ஷெரினுக்கு வலது மோதிர விரலில் அடி. பந்து நுனியில் பட்டு மடங்கிவிட்டது. அந்த இடத்தில் யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அறைக்கு வந்ததும் விரலைக் காட்டினாள். வீங்கியிருந்தது.

"சார்ட்ட நீங்க சொல்லாண்டாம்க்கா. நானே சொல்லிக்கிடுதேன், கேட்டியளா?"

சரி என்றேன்.

சொல்ல மாட்டாள். விரலில் அடி என்று எந்த கோல்கீப்பர் தானாகப் போய் கோச்சிடம் சொல்லுவாள்? நான் சொன்னேனா முழங்காலை? இந்த வீட்டில் இருக்கும் பதினெட்டுப் பெண்களில் வலியை மறைக்காதவள் ஒருத்தி இருந்தால் காட்டுங்கள்.

பிப்ரவரி 13

அவளால் ஒற்றைக் கையால் டேப் போட முடியவில்லை. நான்தான் போட்டேன். மோதிர விரலையும் நடுவிரலையும் சேர்த்து, மூட்டு மடங்குகிற மாதிரி இடம் விட்டுச் சுற்ற வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது, தளர்த்தினால் பிரயோசனம் இல்லை. பதினைந்து வருடக் கை எனக்கு. கையுறை போட்டுப் பந்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"வலியே தெரியலக்கா."

கொஞ்சம் தளர்வாகப் போட்டிருக்கலாமோ என்று சாப்பிடும்போது ஒரு நினைப்பு வந்தது. வந்தது, போய்விட்டது. சாம்பாரில் உப்பு அதிகம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

டிரா. ஷெரின் எல்லாப் பந்தையும் பிடித்தாள். சேவியர் சார் அவளுடைய முதுகில் தட்டினார். எங்கள் கோச் லேசில் யாரையும் தட்டுகிறவர் இல்லை. எனக்கு அவர் கடைசியாகத் தட்டியது எப்போது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

சாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அது தப்பும் இல்லை. அந்த விரலோடு ஆடி எலும்பு முறிந்தால் அவளுக்குத்தான் கஷ்டம். அவள் நல்லதுக்குத்தான்.

பிப்ரவரி 17

இன்று பூட்ஸைப் பழக்கினேன். புதுப் பூட்ஸை அப்படியே ஆட்டத்துக்குப் போட்டால் கால் புண்ணாகிவிடும். எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு காயும்வரைக்கும் நடப்பது. பாதத்தின் அச்சு அப்படியே விழுந்துவிடும். பத்து வயதிலிருந்து ஒவ்வொரு பூட்ஸுக்கும் செய்வது. கை தானாகச் செய்தது.

நான் மாடியில் நடந்துகொண்டிருந்தபோது ஷெரின் துணி காயப்போட வந்தாள்.

"அக்கா, இதப் போட்டு ஆடப் போறியளா?"

ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. பென்ச்சுக்கு எதற்குப் புதுப் பூட்ஸைப் பழக்க வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். சும்மா என்றேன்.

கீழே வந்து பார்க்கிறேன், நாயின் கண்ணைக் காணோம். காதும் கழுத்தும் வழிந்து, ரோஸ் குடம் பச்சைக் குடத்துக்குள் ஓடியிருந்தது. தண்ணீர் படக் கூடாது என்று அந்த மனிதர் சொன்னார். என் காதிலும் விழுந்தது, மண்டையில்தான் ஏறவில்லை. எத்தனையோ பூட்ஸ் பழக்கியவள், பெயிண்ட் அடித்த பூட்ஸைப் பழக்கியதில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஷெரின் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போனாள். அது வேறு எரிச்சல்.

பிப்ரவரி 22, சனி

பிரிசியைக் கிளப் வீட்டுக்கே வரவழைத்தேன். பூட்ஸைப் பார்த்து அவள் திட்டவில்லை. "செத்துப்போச்சு கரண்டு" என்றாள். பிறகு பையிலிருந்து பெயிண்டை எடுத்து, தரையில் நியூஸ் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டாள். மதியம்வரைக்கும் வரைந்தாள். நான் சோறு பிசைந்து கொடுத்தேன், ஒரு கையால் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த நாலு மணி நேரம் நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது.

பயிற்சி முடிந்து ஷெரின் வந்தாள். குளிப்பதற்கு முன் என்னிடம் கையை நீட்டினாள், டேப்பை வெட்டி எடுத்துவிட்டேன். பிரிசி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தட்டைக் கழுவிவிட்டுத் திரும்பி வரும்போது ஷெரின் கதவருகில் சங்கடமாக நின்றாள். பிரிசி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனுக்கும் ஏழுதான சைஸு? இந்தப் பூட்ட நீ போட்டுக்கிறியாக்கா?"

என் காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி. ஷெரின் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் கேக்கல. இந்தப் பிள்ளதான்..."

"நீ வெளிய போ" என்றேன். போனாள்.

பிரிசியிடம் கேட்டேன், யாருக்கு வரைந்தாய் அந்தப் பூட்ஸை என்று. உனக்குத்தான் என்றாள். அப்புறம் ஏன் அவளிடம் கேட்டாய் என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீ ஆட மாட்டல்ல."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? போஸ்டர்ல நீ இல்ல. டிவில மேட்ச் பாத்தேன், நீ கோட்டு போட்டுனு பென்ச்ல குந்தினு இருந்த. மொத வாரமே தெரியும்கா." பிரஷ்ஷைத் துடைத்தாள். "நீ ஆடுறேன்னு சொன்ன. செரி, சொல்லிக்கட்டும்னு வுட்டுட்டேன். ஆனா பூட்டு இன்னா பாவம் பண்ணுச்சு? நீ ஆடலன்னா இன்னாக்கா, பூட்டாவது ஆடட்டுமே."

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். நாய்க்கு மறுபடி ஒரு கண் வந்திருக்கிறது. முன்னைவிடப் பெரிதாக.

பிப்ரவரி 23, ஞாயிறு

பொறாமைதான். எழுதிவிட்டேன். ஆலோசகருக்குத் திருப்தியாக இருக்கும். என் இடத்தை எடுத்துக்கொண்டாள், என் கையுறையோடு போஸ்டரில் நிற்கிறாள், சாரின் முதுகுத்தட்டல் அவளுக்கு, இறக்கை அவளுக்கு. எனக்கென்று இருந்தது ஒரு நாய். அதுவும் அவள் காலுக்குப் போக வேண்டுமா?

இன்று காலை சேவியர் சாரின் அறைக்குப் போனேன். ஷெரினுக்கு விரலில் அடி, பத்து நாளாக மறைக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மறைக்கல வளரு. அடிபட்ட அன்னிக்கே வந்து சொல்லிட்டா. பிசியோ ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. முறிவு இல்ல, டேப் ஒழுங்கா போட்டா ஆடலாம்னாங்க. யாரு போடுறாங்கன்னு கேட்டேன், வளரக்கான்னா. அதுக்கப்புறம் நான் கவலையே படல."

நான் அந்தக் கண்ணாடியையே பார்த்தேன்.

"பத்து நாள் கழிச்சு வந்து ஏன் சொல்ற?"

வெளியே வந்தேன். இந்தப் பத்து நாளும் அவள் ஆடியது என் டேப்பில். தன் இடத்தில் இன்னொருத்தியைத் தன் கையாலேயே கட்டி நிறுத்திய ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 24

காலையில் ஷெரின் வழக்கம்போல் விரலை நீட்டினாள்.

"சார் சொன்னாரு. நீங்க எனக்காகத்தான் போய்ப் பேசியிருப்பிய. நான் சொன்னத உங்ககிட்டயும் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்க்கா."

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். இவளுக்குக் கோபம்கூட ஒழுங்காக வராது. உனக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. டேப் போட்டேன்.

பிப்ரவரி 27

பூட்ஸைக் கொடுத்துவிட்டேன். கட்டில்மேல் வைத்து, "போட்டுப் பாரு" என்றேன்.

போட்டாள். நடந்தாள். குதித்தாள்.

"புதுசு மாதிரியே இல்லக்கா, காலு அப்படியே உள்ள உக்காருது."

உட்காரும். என் காலின் அச்சு அது.

யோகாவையும் விட முடியாது என்பதால் முதல் பாதியில் இறக்கை, இரண்டாம் பாதியில் நாய் என்று முடிவு செய்தோம். முதல் பாதியில் நாய் ஏன் கூடாது என்று கேட்டேன். கேட்ட பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

மார்ச் 1, சனி

பிரிசிக்கு போனில் சொன்னேன். "செரி" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீ இன்னா போட்டுக்குவ?" என்றாள். பழசு இருக்கிறது என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் இடியாப்பம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஷெரினுக்கு டேப் போட்டேன். மைதானத்தில் அவள் கைக்கு நேராகப் பந்து உதைத்தேன், டப், டப் என்று. ஒன்றுகூட ஓரமாக உதைக்கவில்லை. அதை மட்டும் பெருமையாக எழுதிக்கொள்கிறேன், மற்றதற்கு இன்று பெருமைப்பட வழியில்லை.

பிள்ளைகளை எல்லாம் எங்கள் பென்ச்சுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்திருந்தார்கள். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இடைவேளையில் ஷெரின் பூட்ஸ் மாற்றினாள். நான்தான் லேஸ் கட்டிவிட்டேன், விரல் டேப்பில் இருக்கும்போது முடிச்சுப் போடுவது கஷ்டம். நாய் என்னைப் பார்த்தது.

இரண்டாம் பாதி முடியப்போகும் நேரம். எதிரணியின் முன்வரிசைப் பெண் ஒருத்தி எங்கள் தடுப்பு ஆட்டக்காரிகளைத் தாண்டித் தனியாக உள்ளே வந்துவிட்டாள். ஷெரின் ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். வந்திருக்கக் கூடாது. பந்து எங்கே போகும் என்று கோல்கீப்பருக்கு உதைப்பதற்கு முன்பே தெரியும். அவளுடைய வலது பக்கம், தாழ்வாக. கை எட்டாது.

போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது மரியாதையான வார்த்தை. வேண்டிக்கொண்டேன். ஒன்று, ஒன்றே ஒன்று உள்ளே போகட்டும், வளர் இருந்திருந்தால் பிடித்திருப்பாள் என்று நாலு பேர் சொல்லட்டும்.

ஷெரின் காலை நீட்டினாள். பந்து பூட்ஸின் வெளிப்பக்கத்தில் பட்டு வெளியே போனது.

பென்ச்சே எழுந்து குதித்தது. தண்ணீர் பாட்டில்கள் உருண்டன. சேவியர் சார்கூடக் கையை உயர்த்தினார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்தது, ஜெயித்தோம். எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். நான் வேலி ஓரமாகப் போனேன். பிரிசி கம்பியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா உன் பூட்ஸ?" என்றேன், சிரித்தமாதிரி.

"பாக்கல."

"அதுலதான் பட்டுது. நல்லாப் பாக்கலியா?"

"நா உன்னத்தான் பாத்துனு இருந்தேன்." நேராக என் கண்ணைப் பார்த்தாள். "அல்லாரும் கத்துனாங்க. நீ இன்னாக்கா, கத்தவே இல்ல?"

தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்ல நினைத்தேன். இவளிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, அதைத் தெரிந்துகொண்டே ஒன்றரை மாதம் என் கௌரவத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவள் அவள்.

"வயிறு எரிஞ்சுது" என்றேன். "கோல் விழட்டும்னு நெனச்சேன்."

சொன்னபிறகு பயமாக இருந்தது. துணை அக்கா சொல்கிற பேச்சா இது? மைதானத்தின் நடுவில் டிவி பெண் ஒருத்தி ஷெரினையும் யோகாவையும் நிற்கவைத்துப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். யோகா மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது.

"எனுக்கும்தான்" என்றாள் பிரிசி. "தோ பாரு அவள. நம்ம பூட்டுதான புடிச்சிச்சு? பேட்டி மட்டும் அவளுக்கு."

"மைக்க விட மாட்டா போலிருக்கே" என்றேன்.

"முழுங்கிடுவாக்கா."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாகப் புல்லில் உட்கார்ந்தோம். யோகாவின் ரிப்பன், ஷெரின் கேமராவைப் பார்த்துத் தலையைச் சாய்க்கிற விதம், டிவி பெண்ணின் லிப்ஸ்டிக் என்று ஒன்றையும் விடவில்லை. இந்த இரண்டு மாதத்தில் நாங்கள் இவ்வளவு மனம்விட்டுப் பேசியதே இல்லை. கடலைமிட்டாயில் பாதியை உடைத்துக் கம்பி வழியாக நீட்டினாள்.

பேட்டி முடிந்து ஷெரின் எங்களைத் தேடி ஓடிவந்தாள். வெறும் காலுறையோடு, நாயையும் குடங்களையும் கையில் தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. நாங்கள் இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம்.

"ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசுதிய?"

"ஒண்ணுமில்ல" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.